மனாஸுக்குப் போன டேங்கர்கள்

மத்திய ஆசியா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அடுத்த வரியில் சதுரங்கம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ரஷ்யா, எதிரே அமெரிக்கா, பின்னால் சீனா, நடுவில் வெட்டுப்படக் காத்திருக்கும் ஐந்து பாவப்பட்ட சிப்பாய்கள். குடிமைப் பணித் தேர்வுக்கு வகுப்பெடுக்கும் நண்பர் ஒருவர் இதைப் பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டே முடித்துவிடுவார். சமீபத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது கிர்கிஸ்தான் பக்கம் பேச்சு திரும்பியது. "அமெரிக்கா அங்க ஒரு தளம் போட்டுச்சு, ரஷ்யா மிரட்டுச்சு, அவங்க மூடிட்டாங்க. அதுல வேற என்ன இருக்கு?" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், ஆனால் விஷயம் என்னை விடவில்லை. ஏனென்றால் நான் எரிபொருள் போக்குவரத்துக் கணக்கு பார்த்துப் பிழைத்தவன். டேங்கர் எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, சலானில் என்ன எழுதியிருக்கிறது, டேங்கில் விட்டு அளக்கும் டிப் ராடு என்ன காட்டுகிறது, இதுதான் பல வருடம் என் வேலை. மனாஸ் என்ற அந்த அமெரிக்கத் தளத்தைப் பற்றி வந்த அறிக்கைகளையும் செய்திகளையும் அந்தக் கண்ணோடு படித்தால் எனக்கு யானையும் குதிரையும் கண்ணில் படவே இல்லை. பில் புத்தகம்தான் தெரிந்தது.

2001 டிசம்பரில், ஆப்கானிஸ்தான் போர் சூடுபிடித்த நேரத்தில், கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்கு வெளியே மனாஸ் விமான நிலையத்தின் ஒரு பகுதியில் அமெரிக்கா இறங்கியது. நம் ஊரிலிருந்து எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிற பிள்ளைகள் பெட்டியோடு வந்து நிற்கிற அதே விமான நிலையம்தான். செப்டம்பர் 11 அன்று இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறை அதிகாரி பீட்டர் கான்சியின் பெயரைத்தான் அமெரிக்கர்கள் தளத்துக்கு முதலில் வைத்தார்கள். வாடகை வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர். விமானம் இறங்கி ஏறுவதற்குத் தனிக் கட்டணம். ஆப்கானிஸ்தானுக்குப் போகிற, அங்கிருந்து திரும்புகிற படைவீரர்கள் இதன் வழியாகத்தான் போய்வந்தார்கள்; மூடப்படும்வரை நடந்த போக்குவரத்து 50 லட்சத்தைத் தாண்டும். ஆனால் மனாஸின் முக்கிய வேலை ஆள் ஏற்றுவதல்ல. கேசி-135 என்ற டேங்கர் விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. ஆப்கன் வானத்தில் பறந்துகொண்டிருக்கும் போர் விமானங்களுக்கு வானத்திலேயே எரிபொருள் நிரப்புகிறவை அவை. அப்படியென்றால் அந்தத் தளம் எவ்வளவு குடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்பது பத்திரிகையில் வரும், நாடாளுமன்றத்தில் சண்டை நடக்கும். எரிபொருள் பில் யார் பெயரில் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. காசு அங்கேதான் இருந்தது.

அப்போது அதிபர் அஸ்கர் அகாயேவ். இயற்பியலாளர், அவர் ஆட்சியின் ஆரம்ப வருடங்களில் கிர்கிஸ்தானை மத்திய ஆசியாவின் ஜனநாயகத் தீவு என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் கொஞ்சிக்கொண்டிருந்தன. முன்னாள் சோவியத் நாடுகளிலேயே முதலில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும், 1998-ல், கிர்கிஸ்தான்தான். தளத்துக்கு எரிபொருள் தந்த உள்ளூர் நிறுவனங்களில் ஒன்று அவருடைய மகன் ஐதாரோடு தொடர்புடையது, இன்னொன்று மருமகன் ஆதில் தொய்கன்பாயேவோடு தொடர்புடையது. அந்த இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 12 கோடி டாலர் போனதாக, அகாயேவ் 2005 மார்ச்சில் மக்கள் எழுச்சியில் நாட்டைவிட்டு ஓடிய பிறகு செய்தி வந்தது. வாடகையாக நாட்டின் கஜானாவுக்கு வந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். சட்டப்படி ஒப்பந்தம், சட்டப்படி பணம் கொடுத்தோம் என்றுதான் அமெரிக்கத் தரப்பு சொன்னது. அதில் பொய் இல்லை. பில் சரி, ரசீது சரி, கையெழுத்து சரி.

கேட்டில் நின்ற லாரி

2006 டிசம்பர் 6. மனாஸ் தளத்தின் சோதனைச் சாவடி. அலெக்சாந்தர் இவானோவ் என்பவர் தளத்துக்கு விமான எரிபொருள் கொண்டுவரும் லாரி ஓட்டுநர், வயது 42, கிர்கிஸ் குடிமகன், இனத்தால் ரஷ்யர். அந்தச் சாவடியில் காவலுக்கு இருந்த அமெரிக்க விமானப்படை வீரர் அவரைச் சுட்டார். இவானோவ் செத்துப்போனார். கத்தியைக் காட்டி நெருங்கினார், தற்காப்புக்குச் சுட்டேன் என்பது வீரரின் வாக்குமூலம். கூட வேலை பார்த்தவர்கள் அதை நம்பவில்லை. எது உண்மை என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளை நிற்கவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள 2001 டிசம்பரில் இரண்டு அரசுகளும் பரிமாறிக்கொண்ட குறிப்புக்குப் போக வேண்டும். கிர்கிஸ்தானில் இருக்கும் அமெரிக்கப் படையினருக்கு, தூதரகத்தின் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்களுக்கு உள்ள தகுதி உண்டு என்கிறது அது. 1961-ம் வருட வியன்னா உடன்படிக்கைப்படி அப்படிப்பட்ட ஊழியர்மீது அந்த நாட்டு நீதிமன்றம் குற்ற வழக்கு நடத்த முடியாது. தூதரகத்தில் கோப்பு அடுக்குகிறவருக்கும் தட்டச்சு செய்கிறவருக்கும் தேவையென்று எழுதிய பாதுகாப்பு அது. யாரோ ஒரு தூதரை மிரட்ட அவருடைய குமாஸ்தாவைப் பிடித்து உள்ளே போடக்கூடாது என்பதற்காக வந்த விதி. அதைத் துப்பாக்கியோடு கேட்டில் நிற்கிறவருக்கும், ஆயிரக்கணக்கில் வந்துபோகிற படைக்கும் விரித்துவிட்டார்கள். இது கிர்கிஸ்தானுக்கு மட்டும் செய்த தந்திரமில்லை, அமெரிக்கா அவசரமாகத் தளம் தேடும் இடங்களில் போடுகிற வழக்கமான வாசகம். 2001-ல் பிஷ்கெக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் அதை எவ்வளவு கவனமாகப் படித்தார்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம். வீரருக்குள்ள இந்தப் பாதுகாப்பை நீக்குங்கள், எங்கள் ஊரில் விசாரிக்கிறோம் என்று கிர்கிஸ் அரசு கேட்டது. வாஷிங்டன் மறுத்தது. வீரரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

டேங்கர் கேட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னால் நிற்கும் வண்டிக்கு சீல் பார்த்து முடிக்கும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், கேபினிலிருந்து இறங்கச் சொல்வார்கள், திரும்ப ஏறச் சொல்வார்கள், பேப்பரில் ஒரு எண் தப்பென்றால் அன்றைய நாள் போச்சு. காவல்காரனுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் மொழி வேறாக இருந்தால் சின்ன எரிச்சல்கூட எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாவடியில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தளத்துக்குள் போன எரிபொருளால் பணக்காரர் ஆனவர்கள் யாரும் இந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பிஷ்கெக்கில் இவானோவ் பெயர் பிறகு பல வருடம் அடங்கவே இல்லை. என் நண்பரின் பலகையில் அதற்கு அம்புக்குறி கிடையாது.

இரண்டு பக்கமும் வாங்கியவர்

அகாயேவுக்குப் பின் வந்த குர்மன்பெக் பாக்கியேவ் வாடகையை ஏற்றினார். வருடத்துக்கு 1 கோடியே 74 லட்சம் டாலர் ஆனது. அப்புறம் 2009 பிப்ரவரி 3 அன்று மாஸ்கோவில், அப்போதைய ரஷ்ய அதிபர் மெத்வெதேவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தளத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தார். சொன்ன காரணங்களில் இவானோவ் மரணமும் ஒன்று. அதே பயணத்தில் ரஷ்யா 215 கோடி டாலர் பொதியை அறிவித்தது: கம்பராத்தா-1 நீர்மின் நிலையத்துக்கு 170 கோடி, சலுகைக் கடன் 30 கோடி, நன்கொடை 15 கோடி. அந்த மாதமே நாடாளுமன்றம் 78-க்கு 1 என்று வாக்களித்துத் தளத்தை மூடச் சொன்னது. ரஷ்யாவின் கடனும் நன்கொடையும் கைக்கு வந்தன. ஜூனில் பாக்கியேவ் அமெரிக்காவோடு புது ஒப்பந்தம் போட்டார். வாடகை 6 கோடி டாலர், விமான நிலையத்தைச் சீர்செய்யத் தனிப் பணம், போதைப்பொருள் தடுப்புக்குத் தனிப் பணம். தளம் என்ற சொல்லை எடுத்துவிட்டு இடைத்தங்கல் மையம் என்று பலகையை மாற்றினார்கள். அதே ஓடுபாதை, அதே விமானங்கள்.

இந்த மனுஷனையா சிப்பாய் என்கிறீர்கள்? இரண்டு வல்லரசையும் ஒரே ஆறு மாதத்துக்குள் ஏலத்தில் ஏற்றிவிட்டு இரண்டு பக்கமும் வாங்கியவர் அவர். எனக்கு அவர்மேல் மரியாதை ஒன்றும் இல்லை, ஆனால் சின்ன நாட்டு ஆட்சியாளர்களைப் பாவம் என்று பேசுவது அவர்களுடைய கணக்குத் திறமையை அவமதிப்பது. நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. அதற்கு மறுபடி எரிபொருளுக்கு வர வேண்டும்.

இந்தக் காலத்தில் தளத்துக்கு எரிபொருள் தந்தவை ரெட் ஸ்டார், மினா கார்ப் என்று இரண்டு நிறுவனங்கள். இரண்டும் ஜிப்ரால்டரில் பதிவானவை, இரண்டும் ஒரே கைகளில் இருந்தவை. உரிமையாளர் யார் என்று வெளியில் தெரியாது. முன்பு பிஷ்கெக் அமெரிக்கத் தூதரகத்தில் ராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவற்றின் செயல்பாட்டைப் பார்த்துக்கொண்டார். எரிபொருள் வந்தது ரஷ்யாவிலிருந்து. அமெரிக்கத் தளத்துக்கு விற்கிறோம் என்று சொன்னால் ரஷ்யச் சுத்திகரிப்பாலைகள் தருமா? தராது. ஆகவே கிர்கிஸ்தானின் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு என்று சான்றிதழ் வாங்கினார்கள். கிர்கிஸ்தானுக்குப் போகும் எரிபொருளுக்கு ரஷ்யா ஏற்றுமதி வரி போடுவதில்லை, அந்தச் சலுகையும் சேர்ந்தே வந்தது. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்து அனுப்பிய காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏழைக்கு என்று சலுகை விலையில் இறங்குகிற சரக்கு எந்த டீசல் டேங்கில் போய்ச் சேர்ந்தது என்று தெரு முழுக்கத் தெரியும், பதிவேட்டில் மட்டும் கார்டுதாரர் கையெழுத்து சுத்தமாக இருக்கும். மனாஸில் சாயம் கூடக் கிடையாது. கிர்கிஸ் பயணிகள் விமானங்கள் அத்தனையும் இரவு பகலாகப் பறந்தாலும் இவ்வளவு எரிபொருள் தேவைப்படாது என்பது அந்த ஊர் எண்ணெய் வியாபாரத்தில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கும். மாஸ்கோவுக்கு மட்டும் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டதா? இரண்டாவதுதான் என்று என் தொழில் புத்தி சொல்கிறது. இவ்வளவு சரக்கு யாரும் பார்க்காமல் எல்லை தாண்டாது.

வாங்கிய அமெரிக்காவோ கேட்கவே இல்லை. 2010 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று, ஜான் டியர்னி தலைமையில், இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதிபரின் மகன் மக்சிம் பாக்கியேவுக்கு இந்த நிறுவனங்களில் பங்கு இருந்தது என்று பிஷ்கெக்கில் எல்லாரும் பேசியதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்று குழு எழுதியது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமானது, ஒப்பந்தம் கொடுத்த பாதுகாப்புத் துறை, தான் யாரிடம் வாங்குகிறோம், அந்த நிறுவனங்கள் யாருடையவை என்பதையே தோண்டவில்லை என்ற முடிவு. எரிபொருள் நேரத்துக்கு வருகிறது, தரம் சரி, அளவு சரி, மற்றதெல்லாம் எங்கள் வேலையில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவனாக இந்தப் பதிலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒரு குமாஸ்தா சொன்னால் சோம்பேறித்தனம் என்று விடலாம். ஒரு வல்லரசு சொல்லும்போது அதுவே வெளியுறவுக் கொள்கையாகிவிடுகிறது. 2009 ஜூலையில் பாக்கியேவ் மறுபடி அதிபரான தேர்தலை ஐரோப்பியப் பார்வையாளர்கள் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் உள்ளே போனார்கள். வாஷிங்டன் குரல் உயரவில்லை. தளம் பத்திரமாக இருந்தது.

ஏப்ரல்

2010 ஏப்ரல் 1 அன்று ரஷ்யா கிர்கிஸ்தானுக்கான எரிபொருள் வரிச்சலுகையை நிறுத்தியது. பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய கோபம் அதில் இல்லை என்று யார் சொல்வார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே மின்சாரக் கட்டணத்தையும் வெப்பக் கட்டணத்தையும் பாக்கியேவ் அரசு தாறுமாறாக ஏற்றியிருந்தது. அந்த ஊர்க் குளிரில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை. ஏப்ரல் 6 தலாஸ் நகரில் கலவரம் வெடித்தது, மறுநாள் பிஷ்கெக்கில் அதிபர் மாளிகை முன்னால் கூட்டம். மாளிகையிலிருந்து சுட்டார்கள். 80-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாக்கியேவ் தெற்கே ஓடி, பிறகு நாட்டைவிட்டே போய் பெலாரூஸில் தஞ்சமடைந்தார். மகன் மக்சிம் அந்த வாரம் வாஷிங்டனில் நடக்கவிருந்த இருநாட்டுப் பேச்சுவார்த்தைக்கும் முதலீட்டுக் கூட்டத்துக்கும் கிளம்பிப் போயிருந்தார். சதுக்கத்தில் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அமெரிக்கா யாருக்கு மேசை போட்டு வைத்திருந்தது என்பதைப் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் மறக்கவில்லை.

இடைக்கால அதிபர் ரோசா ஒதுன்பாயேவா அமெரிக்க எதிரி அல்ல. அமெரிக்காவுக்குக் கிர்கிஸ்தான் அனுப்பிய முதல் தூதரே அவர்தான். தளத்தை உடனே மூடவில்லை. எரிபொருள் ஒப்பந்தத்தை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். ஆனால் 2010 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மீண்டும் மினா கார்ப்புக்கே 31.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தைக் கொடுத்தது. என் பார்வையில் உறவு முறிந்தது இங்கேதான், பின்னால் நடந்த வாக்கெடுப்புகளில் அல்ல. அமெரிக்காவை நம்பத் தயாராக இருந்த, அந்த நாட்டில் ஆங்கிலம் பேசித் தூதராக இருந்த ஒருவர் கேட்டது ஒரே விஷயம். போரில் தோற்கும் அளவுக்குப் பெரிய விலையும் இல்லை. சரக்கு தடைபட்டுவிடும் என்ற பயம் வென்றது. டிசம்பரில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் பிஷ்கெக் வந்தபோது இதைத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு கிர்கிஸ் அரசு ஒரு கூட்டு நிறுவனத்தை உள்ளே கொண்டுவந்து தளத்தின் எரிபொருளில் பெரும் பங்கை அதற்கு வாங்கிக்கொடுத்தது. கூட்டாளி யார் என்று கேட்டால், காஸ்ப்ரோம் நெஃப்ட். ரஷ்ய அரசின் கைக்குள் உள்ள கம்பெனி. எந்தத் தளத்தை மூட வேண்டும் என்று மாஸ்கோ பத்து வருடமாக முறைத்துக்கொண்டிருந்ததோ, அதற்கு மாஸ்கோவே எண்ணெய் ஊற்றிக் காசு வாங்கியது. எனக்கு இதைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை, ஒரு பழைய கிடங்கு மேலாளரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். அடுத்த அதிபர் அல்மாஸ்பெக் அதம்பாயேவ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 2012-ல் புதின் வந்து 48.9 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தார், பிஷ்கெக்குக்கு மறுபக்கம் காந்த் ஊரில் 2003-லிருந்து இருக்கும் ரஷ்யத் தளத்துக்கு நீண்ட கால நீட்டிப்பு கிடைத்தது. 2013 ஜூனில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நாடாளுமன்றம் வாக்களித்தது, 2014 ஜூனில் அமெரிக்கர்கள் மனாஸைக் காலி செய்தார்கள். மறு வருடம், சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்த மனித உரிமை ஆர்வலர் அஸிம்ஜான் அஸ்கரோவுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை விருது கொடுத்தது. கோபத்தில் கிர்கிஸ்தான் அமெரிக்காவோடு 1993-ல் போட்ட ஒத்துழைப்பு ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. விருது நியாயமானதுதான். அஸ்கரோவ் 2020 ஜூலையில் சிறையிலேயே இறந்தார், அவருடைய வழக்கு நாறிய வழக்கு. ஆனால் தளம் இருந்த வருடங்களில் அவர் ஏற்கெனவே சிறையில்தான் இருந்தார். விருது மட்டும் தளம் போன பிறகு வந்தது. பிஷ்கெக்கில் ஒருத்தருக்குக்கூட இது உறைத்திருக்காது என்று நினைக்கிறீர்களா?

இப்போது மனித உரிமைக்கு மேலே வங்கி வந்துவிட்டது. ரஷ்யா தடைகளைத் தாண்டிப் பணம் அனுப்ப உதவியதாகச் சொல்லி 2025 ஜனவரியில் கிர்கிஸ்தானின் கெரெமெத் வங்கிமேல் அமெரிக்கக் கருவூலத் துறை தடை போட்டது. யார் எந்தக் கணக்கிலிருந்து எங்கே அனுப்பினார்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான். அந்தக் கண் மனாஸ் காலத்திலும் அவர்களிடம் இருந்தது, திறக்கவில்லை.

ரெட் ஸ்டார், மினா கதைக்கும் ஒரு முடிவு வந்தது, யாரும் எதிர்பாராத வாசல் வழியாக. டக்ளஸ் எடல்மன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 2024-ல் ஸ்பெயினில் கைதானார். இந்த இரண்டு நிறுவனங்களும் பெற்ற ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல், அதில் அவருடைய பங்கு 35 கோடிக்கு மேல் என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது. நிறுவனம் அவருடைய மனைவியுடையது என்று நாடாளுமன்றக் குழுவையே நம்பவைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றம் என்னவென்றால் வரி ஏய்ப்பு. அமெரிக்காவுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டவில்லை. பாதிக்கப்பட்ட தரப்பு அமெரிக்கக் கருவூலம், இழப்பீடு போவதும் அங்கேதான். கிர்கிஸ்தானின் பெயர் அந்தக் குற்றப்பத்திரிகையில், எரிபொருள் எங்கே இறக்கப்பட்டது என்று சொல்லும் இடத்தில் வருகிறது.